சயனைடும் அமிலமும் ஒரே ஷெட்டில் வைக்கலாமா? வரைபடம் கையெழுத்தாகும் முன் கேட்கிறேன்

ஆலைத்தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். தான்சானியாவில், விக்டோரியா ஏரிக்குத் தெற்கே ஒரு தங்கச் சுரங்கத்தின் ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசர் வேலை. ரசாயன ஸ்டோருக்குப் புது ஷெட் போடுகிறார்கள். 30 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம். சிமென்ட் தரை, தகரக் கூரை. வரைபடம் இன்னும் கையெழுத்தாகவில்லை. மாற்றம் சொல்ல இரண்டு வாரம் இருக்கிறது.

வரப்போகும் சரக்கு இது: சோடியம் சயனைடு, 1 டன் மரப்பெட்டிகள் 60. ஹைட்ரோகுளோரிக் அமிலம் 33 சதவீதம், ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் 12. காஸ்டிக் சோடா 25 கிலோ மூட்டைகளில் 20 டன். சோடியம் மெட்டாபைசல்ஃபைட் 30 டன். காப்பர் சல்ஃபேட் 5 டன். லெட் நைட்ரேட் 3 டன். 50 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு டிரம்கள் கொஞ்சம்.

நடுவில் 2.4 மீட்டர் உயரத்துக்கு ஒரு பிளாக் சுவர் எழுப்பி, ஒரு பக்கம் சயனைடு, மறுபக்கம் மீதி எல்லாம் என்று பிளான் போட்டிருக்கிறார்கள். தரைக்கு ஒரே கால்வாய், ஒரே சம்ப் (வடியும் நீர் சேரும் குழி). வெடி வைக்கும் கான்டிராக்டர் வேறு, தன் அம்மோனியம் நைட்ரேட் 20 டன்னை ஒரு மாதம் மட்டும் ஒரு மூலையில் போட்டுக்கொள்ளட்டுமா என்கிறார்.

இந்தச் சுவர் போதுமா? இரண்டாவது, சயனைடு கரைக்க எழுதி வைத்த செய்முறைத் தாளில் 'தண்ணீர், சயனைடு, பிறகு காஸ்டிக்' என்று இருக்கிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. மூன்றாவது, காலிப் பெட்டிகளை என்ன செய்வது? அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் மரத்தைக் கேட்கிறார்கள்.

உலோகவியல்79:

தம்பி, சுவர் போதாது. அந்தச் சுவரால் ஆபத்து கண்ணுக்கு மறையும், குறையாது. வாயு சுவருக்கு மேலே போகும், தண்ணீர் சுவருக்குக் கீழே போகும். இரண்டுக்கும் அந்த பிளானில் வழி திறந்தே கிடக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ சோடியம் சயனைடு அமிலத்தோடு முழுசாகச் சேர்ந்தால் சுமார் 550 கிராம் ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய விஷம் வரும். அது ஏறக்குறைய 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். உங்கள் ஊர் மதிய வெயிலில் அது திரவமாக நிற்காது, நேராக வாயுதான். உங்கள் ஷெட்டின் கொள்ளளவு 2,700 கன மீட்டர். அந்த 550 கிராம் உள்ளே சமமாகப் பரவினால் 185 பிபிஎம் (பத்து லட்சத்தில் 185 பங்கு) அளவுக்கு நிற்கும். 50 பிபிஎம்மே உயிருக்கு உடனடி ஆபத்து என்று வரையறுத்த அளவு. ஒரு கிலோ என்பது கிழிந்த பையிலிருந்து கொட்டிய இரண்டு கை அளவுதான். உங்களிடம் இருக்கப்போவது 60,000 கிலோ.

அதனால் முதல் விதி: சயனைடுக்குத் தனிக் கட்டடம், தனித் தரை, தனிச் சம்ப். அமிலம் இருக்கும் கட்டடத்தோடு கால்வாய், குழாய், மழைநீர் வடிகால் எதுவும் சேரக்கூடாது. ஸ்டோரைப் பரிசோதிக்க வருபவர் அலமாரியைப் பார்ப்பதற்கு முன் தரைச் சரிவைப் பார்க்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை மூலையில் ஊற்றி அது எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இரண்டாவது விஷயம்தான் பலர் கோட்டைவிடும் இடம். உங்கள் பட்டியலில் 'அமிலம்' என்று பெயர் எழுதிய சரக்கு ஒன்றுதான். ஆனால் அமிலமாக நடந்துகொள்ளும் சரக்கு இன்னும் இருக்கிறது. மெட்டாபைசல்ஃபைட் வெள்ளைப் பொடி, பார்த்தால் உப்பு மாதிரி. தண்ணீரில் கரைந்தால் பிஎச் (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 4 பக்கம் வந்துவிடும். காப்பர் சல்ஃபேட் கரைசலும் அமிலப் பக்கம்தான். கிழிந்த மெட்டாபைசல்ஃபைட் பையில் மழைத்தண்ணீர் பட்டு அது சயனைடு தரைக்கு ஓடினால், ஹைட்ரோகுளோரிக் ஓடியதற்கும் அதற்கும் வேகத்தில்தான் வித்தியாசம். அந்த மெட்டாபைசல்ஃபைட்டை அமிலத்தோடும் வைக்க முடியாது, சல்ஃபர் டை ஆக்சைடு கிளம்பும். அதற்குத் தனித் தடுப்பு, நல்ல காற்றோட்டம், ஈரம் படாத தரை வேண்டும்.

லெட் நைட்ரேட்டும் பெராக்சைடும் ஆக்சிஜன் கொடுக்கும் ரகம். சயனைடோடு நைட்ரேட் கலந்து சூடேறினால் வெடிக்கும். பெராக்சைடு டிரம்மின் மூடியில் காற்று போகும் துளை இருக்கும். கசிகிறது என்று நினைத்து அதை யாரும் டேப் ஒட்டி அடைக்கக் கூடாது, டிரம் உப்பிக் கிழியும். அதை மரப் பேலட்டிலும் வைக்காதீர்கள், பிளாஸ்டிக் பேலட் போடுங்கள்.

காஸ்டிக் மட்டும் சயனைடுக்கு நல்ல பக்கத்து வீட்டுக்காரர். இரண்டும் காரம். ஒரே கட்டடத்தில் தனித்தனி அடுக்காக வைக்கலாம். ஆனால் காஸ்டிக் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து ஒழுகும். அதைக் கீழ்ப்பக்கம், பெட்டிகளிலிருந்து தள்ளி வையுங்கள்.

அம்மோனியம் நைட்ரேட் விஷயத்தில் 'ஒரு மாதம் மட்டும்' என்ற பேச்சே வேண்டாம். 2015 ஆகஸ்ட் 12 அன்று சீனாவின் தியான்ஜின் துறைமுகத்தில் வெடித்த கிடங்கில் 800 டன் அம்மோனியம் நைட்ரேட்டும் ஏறத்தாழ 700 டன் சோடியம் சயனைடும் ஒரே வளாகத்தில் இருந்தன. தீ தொடங்கியது இரண்டிலும் இல்லை, காய்ந்துபோன நைட்ரோசெல்லுலோஸ் என்ற எளிதில் தீப்பற்றும் ரசாயனத்தில். 165 பேர் இறந்தார்கள், 8 பேர் கிடைக்கவே இல்லை. கான்டிராக்டர் சரக்கு வெடிமருந்துக்கான இடத்திலேயே இருக்கட்டும்.

இந்த 30-க்கு 15 ஷெட்டை வீணாக்கவும் வேண்டாம். பெட்டி ஒவ்வொன்றும் சுமார் 1.1 மீட்டர் சதுரம். இரண்டு அடுக்காக வைத்தால் 60 பெட்டிக்கு 30 இடம், நடைபாதை, ஃபோர்க்லிஃப்ட் திரும்பும் இடம் எல்லாம் சேர்த்து நூற்று முப்பது, நூற்று ஐம்பது சதுர மீட்டரில் முடிந்துவிடும். சயனைடுக்கு 12-க்கு 12 அளவில் தனியாக ஒன்று கேளுங்கள். பெரிய ஷெட்டை மெட்டாபைசல்ஃபைட்டுக்கும் காப்பர் சல்ஃபேட்டுக்கும் விட்டுவிடலாம். அமிலம் கூரை மட்டும் போட்ட திறந்த இடத்தில், தன் சொந்தத் தொட்டிக்குள் இருக்கட்டும். பெராக்சைடும் லெட் நைட்ரேட்டும் ஆளுக்கொரு சிறு கூண்டு.

லேப்மலர்:

கரைக்கும் முறைக்கு மட்டும் பதில் சொல்கிறேன். உங்களுக்குச் சரியாகப் படவில்லை என்றது சரிதான், தம்பி. அந்தத் தாளை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். காஸ்டிக் முதலில், சயனைடு கடைசியில். எந்தக் காரணத்துக்காகவும் இது மாறாது.

ஏன் என்றால், பிஎச் 9.3 அளவில் கரைசலில் உள்ள சயனைடில் சரிபாதி ஹைட்ரஜன் சயனைடாக இருக்கும். 10.5-ல் கிட்டத்தட்ட 6 சதவீதம், 11-ல் 2 சதவீதம், 12-ல் 0.2 சதவீதம். சாதாரண ஆலைத் தண்ணீர் பிஎச் 7, 8-ல் இருக்கும். அதில் முதல் பெட்டியைக் கொட்டும்போது, கரைசல் தன் காரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் வரை தொட்டி வாயில் வாயு வரும். பெட்டியைத் திறந்து குனிந்து நிற்கும் ஆள் அந்த நேரத்தில் அங்கேதான் நிற்கிறார்.

20 கன மீட்டர் தொட்டிக்குக் கணக்கு சொல்கிறேன். முதலில் 16 கன மீட்டர் தண்ணீர், கலக்கியை ஓடவிடுங்கள். 25 கிலோ காஸ்டிக் மூட்டை ஒன்று, கொஞ்சம் கொஞ்சமாக. சுத்தமான தண்ணீராக இருந்தால் அதற்கே பிஎச் 12.6 வரும். ஆனால் ஆலையில் திரும்ப வரும் தண்ணீரில் பைகார்பனேட்டும் மெக்னீசியமும் இருக்கும், அவை காஸ்டிக்கைத் தின்றுவிடும். இரண்டு மூட்டை, சில சமயம் மூன்றும் ஆகும். அதனால் செய்முறைத் தாளில் 'ஒரு மூட்டை போடு' என்று எழுதாதீர்கள், 'பிஎச் 12 தாண்டும் வரை போடு' என்று எழுதுங்கள். பத்து நிமிடம் கலங்கிய பிறகு மாதிரி எடுத்து, கையில் வைத்திருக்கும் மீட்டரில் ஒருமுறை, பிஎச் தாளில் ஒருமுறை பாருங்கள். எண்ணை எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட பிறகே ஹாய்ஸ்ட் (பெட்டி தூக்கும் எந்திரம்) சாவி கைக்கு வரவேண்டும்.

பிறகு சிவப்புச் சாயம். சயனைடு கரைசல் பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். குழாய் இணைப்பில் சொட்டினால் அது வியர்வையா, மழையா, சயனைடா என்று சொல்ல முடியாது. சாயம் இருந்தால் சொட்டு சிவப்பாகத் தெரியும். அதன் பிறகு நான்கு பெட்டி, அதாவது 4 டன், ஒவ்வொன்றாக. கடைசியில் 20 கன மீட்டருக்குத் தண்ணீர் நிரப்பினால் லிட்டருக்கு 200 கிராம் கரைசல் கிடைக்கும்.

பிஎச் மீட்டரைப் பற்றி இரண்டு வார்த்தை. கண்ணாடி எலெக்ட்ரோடு 12-க்கு மேல் சோடியம் அதிகமுள்ள கரைசலில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அது நம் பக்கம் பாதுகாப்பான தப்பு, கொஞ்சம் காஸ்டிக் கூடுதலாகப் போடுவோம், அவ்வளவுதான். ஆபத்தான தப்பு வேறு. சுண்ணாம்புப் படிவு மூடிய எலெக்ட்ரோடு எழுந்திருக்காமல் பழைய எண்ணிலேயே நிற்கும். தொட்டியில் பிஎச் இறங்கிய பிறகும் திரை 11 என்றே காட்டிக்கொண்டிருக்கும். எண் கொஞ்சம்கூட அசையாமல் ஒரு ஷிப்ட் முழுக்க நின்றால் அந்த எலெக்ட்ரோடை நம்பாதீர்கள். நீர்த்த அமிலத்தில் கழுவ வேண்டியிருக்கும். அதை லேபில் கழுவுங்கள், தொட்டி மேடையில் அமில பாட்டிலோடு ஏறாதீர்கள்.

இன்னொன்று. பெட்டி திறக்கும்போது அம்மோனியா வாடை வந்தால் பலர் 'இது சயனைடு வாடை இல்லை, பரவாயில்லை' என்று விட்டுவிடுகிறார்கள். ஈரம் பட்ட சயனைடு மெல்லச் சிதைந்து அம்மோனியா தரும். அந்த வாடை, உள்பை எங்கோ கிழிந்து ஈரம் போயிருக்கிறது என்பதற்கு அடையாளம். அந்தப் பெட்டியை ஓரம் கட்டி, வாயு மீட்டர் வைத்துப் பார்த்து, முதலில் அதைத்தான் கரைத்துத் தீர்க்க வேண்டும். மூக்கை நம்புவது எந்த வகையிலும் கூடாது. ஹைட்ரஜன் சயனைடின் கசப்பு பாதாம் வாடையைப் பிறவியிலேயே உணர முடியாதவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

தங்கவயல்:

தம்பி, ஸ்டோரைப் பற்றி அண்ணன் சொன்னது சரி. ஆனால் உண்மையில் அமிலமும் சயனைடும் தினம் சந்திக்கும் இடம் ஸ்டோர் இல்லை, கார்பனை அமிலத்தில் கழுவும் உயரமான கலம். அதைச் சேர்க்காமல் இந்தப் பேச்சு முடியாது.

லீச் தொட்டியிலிருந்து (சயனைடு தாதுவிலுள்ள தங்கத்தைக் கரைக்கும் தொட்டி) தங்கத்தைப் பிடித்துக்கொண்டு வரும் கார்பன் துணுக்குகளில் சயனைடு கரைசல் ஊறியிருக்கும். அதை ஸ்கிரீனில் நல்ல தண்ணீரால் அலசாமல் கலத்தில் இறக்கி 3 சதவீத அமிலம் விட்டால், கலத்தின் மூடி வழியாக வாயு வரும். அமிலம் முடிந்த பிறகும் இதே ஆபத்து தலைகீழாக இருக்கிறது. ஒரே கலத்திலேயே அமிலக் கழுவலும் தங்கம் பிரித்தலும் நடக்கும் ஆலைகளில், அமிலத்தை முழுக்க அலசி வெளியேற்றாமல் அடுத்த கட்டத்துக்குச் சயனைடும் காஸ்டிக்கும் கலந்த கரைசலைப் பாய்ச்சினால் கதை முடிந்தது. அலசலை நேரக் கணக்கில் முடிக்காதீர்கள். கலத்தின் அடியில் வெளியேறும் தண்ணீரைப் பிடித்து பிஎச் பார்த்துத்தான் அடுத்த வால்வு. கழுவிய அமிலம் டெய்லிங்ஸ் (தங்கம் எடுத்த மீதிச் சேறு) தொட்டிக்குப் போகிறது என்றால் அங்கேயும் சயனைடு காத்திருக்கிறது. காஸ்டிக் விட்டுச் சமன் செய்த பிறகே அனுப்ப வேண்டும்.

அடுத்தது பண்ட், அதாவது கசிவு வெளியே ஓடாமல் தொட்டியைச் சுற்றிக் கட்டும் தடுப்புச் சுவர். மிகப் பெரிய தொட்டியின் கொள்ளளவில் 110 சதவீதம் என்பது வழக்கம். 40 கன மீட்டர் தொட்டிக்கு 44. அதோடு மழை. பண்ட் 60 சதுர மீட்டர் என்றால் 100 மில்லிமீட்டர் மழைக்கு இன்னும் 6 கன மீட்டர். ஆக 50 என்று கட்டச் சொல்லுங்கள். சம்ப் பம்ப் லீச் தொட்டிக்குத்தான் போகவேண்டும், மழைநீர்க் கால்வாய்க்குப் போகவே கூடாது.

இதில் கண் தப்பும் ஒரு இடம் இருக்கிறது. செலவு மிச்சம் என்று அமில பண்டும் சயனைடு பண்டும் ஒரே நடுச்சுவரைப் பகிர்ந்து கட்டுவார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சிமென்டைத் தின்னும். முதலில் பூச்சில் கைவிரல் அகலத்துக்கு மஞ்சள் கறை, பிறகு மணல் உதிரும், பிறகு மூலையில் மயிரிழை விரிசல். அந்த விரிசல் சுவரின் அடிப்பக்கம் தொடங்குவதால் சேறு படிந்து மூடியிருக்கும், மேலிருந்து பார்த்தால் சுவர் நன்றாகவே இருக்கும். இரண்டு பண்டும் அடியில் ஒன்றாகிவிட்டது என்று தெரியும் நாள் நல்ல நாளாக இருக்காது. தனித்தனிச் சுவர், நடுவில் ஆள் நடக்க இடம், அமிலப் பக்கம் அமிலம் தாங்கும் பூச்சு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேற்றை வழித்துவிட்டு மூலைகளைப் பாருங்கள்.

குழாய் விஷயத்தில் ஸ்டோர்கீப்பரிடம் சொல்லிவையுங்கள்: சயனைடு லைனுக்கு பித்தளை வால்வு, செப்புக் குழாய், கால்வனைஸ் பிட்டிங், அலுமினியம் எதுவும் போகக்கூடாது. சயனைடு அவற்றைக் கரைத்துவிடும். மைல்ட் ஸ்டீல், ஸ்டெயின்லெஸ், எச்டிபிஇ பிளாஸ்டிக் போதும். இரவு ஷிப்டில் அவசரத்துக்குக் கிடைத்த பித்தளை வால்வை மாட்டுவதுதான் பல கசிவுகளின் தொடக்கம்.

அமில டேங்க் மீது உற்பத்தித் தேதி அச்சாகியிருக்கும். அபாயச் சரக்குக்கு அந்த பிளாஸ்டிக் டேங்கின் ஆயுள் 5 வருடம். வெயிலில் கிடந்தால் அதற்கு முன்பே நொறுங்கும்.

காஸ்டிக்மூட்டை:

நல்ல இழை. ஒன்று சேர்க்கிறேன். சயனைடு கொட்டினால் மேலே ஃபெரஸ் சல்ஃபேட் தூவிவிட்டால் போதும், நச்சு போய்விடும். ஒரு டன் வாங்கி ஷெட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

லேப்மலர்:

மன்னிக்கவும், இதை அப்படியே விட முடியாது. ஃபெரஸ் சல்ஃபேட் சயனைடை அழிக்காது, இரும்போடு கட்டி வைக்கும், அவ்வளவுதான். வெயில் பட்டால் அந்தக் கட்டு மெல்ல அவிழும். அதோடு அதன் கரைசலே அமிலப் பக்கம். அடர்த்தியான கரைசல் மேல் தூவினால் பிஎச் இறங்கி வாயு கிளம்பும். சயனைடு ஷெட்டுக்குள் அதை வைக்கச் சொல்வது, மெட்டாபைசல்ஃபைட்டை வைக்கச் சொல்வது மாதிரிதான்.

உலர்ந்த சயனைடு கொட்டினால் தண்ணீர் அடிக்காமல் உலர்வாகவே அள்ளுங்கள். இரும்புச் சட்டி, மண்வெட்டி, மூடியுள்ள டிரம். மழை வருகிறதென்றால் முதலில் பிளாஸ்டிக் விரிப்பால் மூடுங்கள். அள்ளியது கரைக்கும் தொட்டிக்கே போகலாம். தரையில் ஒட்டிய மிச்சத்துக்குச் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டு பிஎச் 11-க்கு மேலே கொண்டுபோய், பிறகு கால்சியம் ஹைபோகுளோரைட். 65 சதவீத சரக்கு, ஒரு கிலோ சயனைடு மிச்சத்துக்குக் கணக்குப்படி 2.2 கிலோ. மண்ணில் வேறு பொருளும் குளோரினைத் தின்பதால் அதைவிடக் கூடும். பிஎச் குறைவாக இருக்கும்போது ஹைபோகுளோரைட் போட்டால் சயனோஜன் குளோரைடு வரும். அது கண்ணையும் நுரையீரலையும் எரிக்கும் இன்னொரு விஷவாயு. ஹைபோகுளோரைட்டையும் தனி ஸ்டோரில்தான் வைக்க வேண்டும்.

ஓடையிலோ ஆற்றிலோ விழுந்துவிட்டால் இவற்றில் எதையும் போடாதீர்கள். ஃபெரஸ் சல்ஃபேட், ஹைபோகுளோரைட், பெராக்சைடு மூன்றும் நீரில் வாழும் உயிர்களுக்கே நஞ்சு. சர்வதேச சயனைடு கோட் (சயனைடு கையாள்வதற்கான விதித்தொகுப்பு) இதைத் தெளிவாகவே தடுக்கிறது. கிர்கிஸ்தானில் 1998 மே மாதம் சயனைடு லாரி பார்ஸ்கூன் ஆற்றில் கவிழ்ந்து சுமார் 1,700 கிலோ தண்ணீரில் போனது. அந்த மாதிரி நேரத்தில் உயிர் காப்பது ஒன்றுதான்: கீழ்ப்பக்கத்து ஊர்களுக்கு உடனே சொல்லி, தண்ணீர் எடுப்பதை நிறுத்தச் செய்வது. அந்த ஊர்த் தலைவர்களின் போன் எண்கள் கன்ட்ரோல் ரூம் சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

காஸ்டிக்மூட்டை:

சரிங்க மேடம், புரிந்துகொண்டேன். மேலே நான் எழுதியதை யாரும் பின்பற்ற வேண்டாம்.

ஆலைத்தம்பி:

எல்லோருக்கும் நன்றி. தனிக் கட்டடம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். தீயணைப்புக்காரர் கூரையில் ஸ்பிரிங்க்ளரும் வாசலில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் போடச் சொல்கிறார். சரியா? மருந்துப் பெட்டி எதை வாங்குவது? காலிப் பெட்டி பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை.

சேஃப்டி_இரவுஷிப்ட்:

இரண்டும் வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு ஈரத்தோடு சேர்ந்தால் மெல்லிய அமிலம். ஈரம் பட்ட சயனைடு மேல் அதை அடித்தால் வாயு வரும். ஸ்பிரிங்க்ளர் தண்ணீர் பெட்டிகளைக் கரைத்துக் கால்வாயில் இறக்கும். உலர்பொடி சிலிண்டர் வாங்குங்கள். சயனைடு தானாக எரியாது, எரிவது மரப்பெட்டியும் பையும். அதனால் ஷெட்டுக்குள் வெல்டிங், டீசல் கேன், பழைய பேலட் குவியல் எதுவும் கூடாது. எண்ணெய்க் கசிவுள்ள ஃபோர்க்லிஃப்டும் உள்ளே நிற்கக் கூடாது.

ஃபோர்க்லிஃப்ட் என்றதும் ஒன்று. ஃபோர்க் 1.2 மீட்டர், பெட்டி 1.1 மீட்டர் என்றால் முனை பத்து சென்டிமீட்டர் அந்தப் பக்கம் நீட்டி, பின்னால் இருக்கும் பெட்டியைக் குத்தும். குத்தியது ஓட்டுநருக்குத் தெரியாது. ஃபோர்க்கில் 1.1 மீட்டரில் ஒரு மஞ்சள் பெயின்ட் கோடு போடுங்கள். அதற்கு மேல் உள்ளே விடக்கூடாது என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

ஷெட்டுக்கு கூரை உச்சியிலும் சுவரின் அடியிலும் திறப்பு வேண்டும். ஈரக்காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடே பெட்டி இடுக்கில் இருக்கும் பொடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாயுவை எடுக்கும். இரவெல்லாம் பூட்டிய ஷெட்டைக் காலையில் திறந்ததும் உள்ளே போகாதீர்கள். கதவைத் திறந்து வைத்து, கையில் ஹைட்ரஜன் சயனைடு வாயு மீட்டரோடு வாசலில் நின்று பார்த்து, பிறகு. 4.7 பிபிஎம்மில் முதல் அலாரம், 10-ல் எல்லோரும் வெளியே என்று வையுங்கள். மீட்டரின் சென்சார் ஆயுள் சுமார் இரண்டு வருடம். ஷிப்ட் தொடங்கும்போது சோதனை வாயு காட்டி அது கத்துகிறதா என்று பாருங்கள். பச்சை விளக்கு எரிவது பேட்டரி இருக்கிறது என்பதற்குத்தான் சாட்சி.

கரைக்கும் வேலையில் எப்போதும் இரண்டு பேர். ஒருவர் வேலை செய்ய, மற்றவர் காற்று வரும் திசையில் தள்ளி நின்று ரேடியோவோடு பார்க்க. இரண்டாமவர் எந்த வேலையிலும் கை வைக்கக் கூடாது. முழு முக மாஸ்க், பி வகை வாயுவும் தூசியும் தடுக்கும் ஃபில்டர், பிவிசி உடை, நீளக் கையுறை. தாடி இருந்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டாது. இதைச் சங்கடப்படாமல் சொல்லுங்கள். ஒருவர் விழுந்துவிட்டால் ஃபில்டர் மாஸ்க்கோடு உள்ளே போகக்கூடாது. முதுகில் காற்று சிலிண்டர் மாட்டியவர்தான் போகவேண்டும். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து விழுவது இந்த வேலையில் நடக்கும் இரண்டாவது விபத்து.

அவசரக் குளியல் பத்து வினாடி நடை தூரத்தில் இருக்கவேண்டும். நிமிடத்துக்கு 75 லிட்டர், 15 நிமிடம். அதாவது தொட்டியில் 1,200 லிட்டராவது எப்போதும் நிற்கவேண்டும். வெயிலில் கிடக்கும் கறுப்புக் குழாயில் முதல் ஐம்பது லிட்டர் கொதிக்கும், அடிபட்டவர் அதன் கீழ் நிற்கமாட்டார். குழாயை மண்ணில் புதையுங்கள். அந்தக் குளியல் தண்ணீரும் சயனைடு சம்புக்கே போகவேண்டும்.

மருந்து: முதலில் ஆக்சிஜன். வாயோடு வாய் வைத்து ஊதவே கூடாது, பை வால்வு மாஸ்க் (கையால் பையை அமுக்கிக் காற்று செலுத்தும் முகமூடி) வைத்திருங்கள். உடையைக் கழற்றிக் கழுவுங்கள். மாற்று மருந்தாக ஹைட்ராக்சோகோபாலமின், பெரியவருக்கு 5 கிராம், 15 நிமிடத்தில் நரம்பு வழியே. பயிற்சி பெற்ற மருத்துவர் அல்லது நர்ஸ் மட்டும். அதைக் கொடுத்த பிறகு தோலும் சிறுநீரும் சிவக்கும், சில ரத்தப் பரிசோதனை எண்களும் தப்பாக வரும். எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்று எழுதி நோயாளியோடு அனுப்புங்கள். இன்னொரு பெட்டி மருந்தையும் கூடவே அனுப்புங்கள், பக்கத்து ஆஸ்பத்திரியில் அது இருக்கும் என்று நம்ப வேண்டாம். மருந்து அறைக்குப் பூட்டு வேண்டாம், உடைக்கும் சீல் போதும். காலாவதித் தேதியை மாதம் ஒருமுறை ஆள் போய்ப் பார்க்க வேண்டும்.

காலிப் பெட்டி. இதில் இரக்கம் பார்க்காதீர்கள். அந்த மரம் அடுப்புக்குப் போகும், கட்டிலுக்குப் போகும். பை தானியம் கொட்ட ஆகும், டிரம் தண்ணீர் பிடிக்க ஆகும். சோடியம் சயனைடு 200, 300 மில்லிகிராம் உள்ளே போனால் பெரியவர் ஒருவர் உயிர் போகும். மரத்தின் இடுக்கில் அதைவிட அதிகம் ஒட்டியிருக்கும். உள்பையையும் வெளிப்பையையும் மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைக் கரைக்கும் தொட்டிக்கே விடுங்கள். மரத்தைச் சுரங்க எல்லைக்குள், வேலி போட்ட இடத்தில், ஆள் நின்று எரியுங்கள். டிரம்மில் வந்தால் அலசி, துளையிட்டு, நசுக்குங்கள். வந்த பெட்டி எண், கரைத்த பெட்டி எண், எரித்த பெட்டி எண் மூன்றும் ஒரே பதிவேட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். வாரம் ஒருமுறை கூட்டிப் பார்த்து ஒரு பெட்டி இடித்தாலும் அன்றே தேடுங்கள். ஊர்க்காரர்களுக்கு மரம் வேண்டுமென்றால் நிர்வாகத்திடம் சொல்லி நல்ல மரம் வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். அது கேட்டு வாங்கக்கூடிய விஷயம்தான்.

தான்சானியாவில் அரசு வேதியியல் ஆய்வக ஆணையத்தின் பதிவு இல்லாமல் இந்தச் சரக்கை வைக்க முடியாது. புதுக் கட்டடம் என்றால் அவர்களுக்கும் வரைபடம் போகவேண்டும். கையெழுத்தாகும் முன்பே காட்டுங்கள்.

தங்கவயல்:

காலிப் பெட்டிக்கு நானும் ஒரு வார்த்தை. கோலார் தங்கவயலில் ஆலை மூடி இத்தனை வருடம் ஆகியும் ஊர் நடுவே நிற்கும் சாம்பல் நிற மணல் குன்றுகளுக்கு 'சயனைடு டம்ப்' என்றுதான் பெயர். அது ஸ்டோரில் வைத்த சயனைடு இல்லை, அரைத்துத் தங்கம் எடுத்த மீதி மணல். காற்றடித்தால் தூசி இன்றும் வீட்டுக்குள் வருகிறது. சுரங்கம் போன பிறகும் ஊர் அங்கேயேதான் இருக்கும். வேலிக்கு வெளியே எது போகிறது என்பதில் சேஃப்டிக்காரர் சொன்ன கண்டிப்பு கட்டாயம் வேண்டும்.

ஆலைத்தம்பி:

ஃபோர்க் அளந்து பார்த்தேன், 1.22 மீட்டர். பெட்டி 1.1. மஞ்சள் கோடு இன்றே போட்டாயிற்று. கரைக்கும் முறையையும் மாற்றி எழுதிவிட்டேன். ஒன்று மட்டும்: பிஎச் 12 வந்த பிறகு, கரைத்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்க் கலக்கி நின்றால் என்ன செய்வது?

லேப்மலர்:

புதுப் பெட்டியைத் திறக்காதீர்கள். ஹாய்ஸ்டில் தொங்கும் பையை மெதுவாகக் கீழே இறக்கி மூடி வையுங்கள். பாதி கரைந்தது அடியில் படியும், அதனால் வாயு வராது, காரம் இருக்கிறது. மின்சாரம் வந்ததும் கலக்கியை ஓடவிட்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடி பிஎச் பார்த்துவிட்டுத் தொடருங்கள். அடியில் கெட்டியாகப் படிந்து கலக்கி சுற்றவில்லை என்றால் யாரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. மேலிருந்தே காஸ்டிக் கலந்த தண்ணீரை விட்டுக் கரையுங்கள். இரண்டு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை.